பிரவுசர் வழியாக வந்து குவியும் மோசடி நோட்டிபிகேஷன்களை நிறுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

"உங்கள் போனில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்கவும்." "உங்கள் சிம் இன்று இரவுக்குள் முடக்கப்படும்." "வாட்ஸ்அப்: 1 புதிய மெசேஜ்." "ஆன்டிவைரஸ் சந்தா முடிந்துவிட்டது." இந்த ரகத்தில் நோட்டிபிகேஷன்கள் நாள் முழுக்க வந்து விழுந்தால், பலரும் முதலில் செய்வது ஏதாவது ஒரு ஆன்டிவைரஸ் ஆப்பை இறக்கி ஓட விடுவது. அது போன் முழுவதையும் அலசிவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும். அடுத்து பிரவுசர் ஹிஸ்டரியை அழித்துப் பார்ப்பார்கள். அதற்கும் நிற்காது. கடைசியில் கடையில் கொடுத்து ஃபார்மட் அடித்து, பேக்கப் எடுக்காத போட்டோக்களையும் பறிகொடுத்துவிட்டு வருவார்கள்.

இவ்வளவு பாடு தேவையே இல்லை. பெரும்பாலும் போனில் வைரஸ் எதுவும் இருக்காது. எப்போதோ, ஏதோ ஒரு வெப்சைட்டுக்கு, பிரவுசர் வழியாக நோட்டிபிகேஷன் அனுப்பும் அனுமதி போயிருக்கிறது. அந்த அனுமதியை ரத்து செய்தால் போதும், ஐந்து நிமிட வேலை. எங்கே போய் ரத்து செய்வது என்பதுதான் போனுக்குப் போன், பிரவுசருக்குப் பிரவுசர் மாறும்.

அனுமதி எப்படிப் போனது?

வெப்சைட்டுகள் நோட்டிபிகேஷன் அனுப்பும் வசதி நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. குரோமில் 2015-லும், ஃபயர்பாக்ஸில் 2016-லும் வந்தது. மெயில் வந்தால் சொல்வதற்கு, முக்கியச் செய்தி வந்தால் தெரிவிப்பதற்கு என்று கொண்டுவந்தார்கள். அனுமதி கேட்கும் பெட்டியில் நீங்கள் 'அலவ்' (அனுமதி) பட்டனை அமுக்கியதும், சர்வீஸ் வொர்க்கர் எனும் சிறு நிரலை அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் பதிந்துவைக்கிறது. அதன்பிறகு நீங்கள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டாலும், அந்தத் தளத்தின் பெயரையே மறந்துவிட்டாலும், அதனால் செய்தி அனுப்ப முடியும். ஆன்டிவைரஸ் ஒன்றும் கண்டுபிடிக்காததற்குக் காரணமும் இதுதான். திருட்டுத்தனமாக உள்ளே வந்த ஆப் எதுவும் அங்கே இல்லை. இருப்பது பிரவுசரில் பதிவான ஒரு 'சரி' மட்டுமே.

நேர்மையாகக் கேட்டால் அந்த 'சரி' எளிதில் கிடைக்காது. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஃபயர்பாக்ஸில் நோட்டிபிகேஷன் அனுமதி கேட்ட பெட்டிகளில் சுமார் 99 சதவீதம் ஏற்கப்படவே இல்லை. அதனால்தான் மோசடித் தளங்கள் ஏமாற்றிக் கேட்கின்றன. அதிகம் பயன்படும் தந்திரம் போலி கேப்சா. திரையில் ஒரு ரோபோ படம், கீழே 'நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய அலவ் அமுக்கவும்' என்று ஒரு வரி, பட்டனை நோக்கி ஓர் அம்புக்குறி. வீடியோ ஓட அலவ் அமுக்கு, டவுன்லோடு தொடங்க அலவ் அமுக்கு, 18 வயது ஆகிவிட்டதா அலவ் அமுக்கு என்பதெல்லாம் இதன் வேறு வேஷங்கள்.

இவை எதிர்ப்படும் இடங்களைச் சொல்லத் தேவையில்லை. புதுப்படம் திருட்டுத்தனமாகக் கிடைக்கும் தளங்கள், இலவச கிரிக்கெட் லைவ், பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் முளைக்கும் அரசுத் தளம் மாதிரியான போலிகள், பிடிஎஃப் புத்தகம் தருவதாகச் சொல்லும் பக்கங்கள், சுருக்கப்பட்ட லிங்க்குகள். ஒரு பட்டனை அமுக்கினால் மூன்று நான்கு தளங்கள் வழியாகத் தள்ளிக்கொண்டுபோய் இந்தப் பக்கத்தில் நிறுத்தும். 'பிளாக்' அமுக்கினால் சில தளங்கள் விடாது; முகவரியின் முன்பகுதியை மட்டும் மாற்றி இன்னொரு பக்கத்துக்குத் தள்ளி மறுபடி கேட்கும். பிரவுசர் கணக்கில் அது புதுத் தளம், அதனால் புதுக் கேள்வி. அப்படிச் சுற்றவிட்டால் அந்த டேபையே மூடிவிடுவது உத்தமம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: ரோபோ இல்லை என்று நிரூபிக்க 'அலவ்' அமுக்கச் சொல்லும் உண்மையான தளம் கிடையாது. நிஜமான கேப்சா பக்கத்துக்குள்ளேயே இருக்கும்; டிக் போடச் சொல்லும், இல்லாவிட்டால் டிராபிக் சிக்னல் படங்களைப் பொறுக்கச் சொல்லும். அலவ், பிளாக் என்று இரண்டு பட்டன்களோடு வரும் பெட்டி பிரவுசருடையது. அதற்கும் கேப்சாவுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, இதில் அவர்களுக்கு என்ன லாபம்? அனுமதி கொடுத்தவர்களின் பட்டியல்தான் அவர்களுடைய சரக்கு. அதை வைத்து விளம்பரம் தள்ளி, ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு பார்க்கிறார்கள். இன்று லாட்டரி, நாளை போலி ஆன்டிவைரஸ், மறுநாள் கடன் ஆப். ஒரு நிம்மதி, இந்த அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் போட்டோ, காண்டாக்ட், மெசேஜ் எதையும் அவர்களால் பார்க்க முடியாது. நோட்டிபிகேஷனைத் தட்டி உள்ளே போய் நீங்களாக எதையாவது கொடுக்கும்போதுதான் நஷ்டம் தொடங்குகிறது.

ஆண்ட்ராய்டு போனில்

முதல் விதி, நோட்டிபிகேஷனைத் தட்டாதீர்கள். அதன் அடியில் இருக்கும் பட்டன்களையும் தொடாதீர்கள். பலருக்கும் தெரியாத விஷயம், அந்தப் பட்டன்களில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை அனுப்பும் தளமே முடிவுசெய்யலாம். 'மூடு', 'வேண்டாம்', 'ரத்து செய்' என்று எழுதிவைத்து, அதைத் தொட்டால் தளம் திறக்கும்படியும் செய்யலாம். புதிய குரோமில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற பட்டனை குரோமே தருகிறது, அது நல்ல வசதி. ஆனால் எது குரோம் போட்டது, எது தளம் போட்டது என்று ஒரு பார்வையில் பிரித்தறிவது எல்லோருக்கும் முடிகிற காரியம் அல்ல.

அதனால் பாதுகாப்பான வழி, நோட்டிபிகேஷனை அழுத்திப் பிடிப்பது. அப்படிப் பிடித்தால் ஆண்ட்ராய்டே தன் பெட்டியைக் காட்டும். எந்த ஆப் அனுப்பியது என்பது அதில் தெரியும். குரோம் என்று இருந்தால் கூடவே எந்தத் தளம் என்பதும் தெரியும். அங்கேயே அணைத்துவிடலாம். ஆண்ட்ராய்டு 8-க்குப் பிறகு வந்த போன்களில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு என்பதால் மற்றவை பாதிக்கப்படாது.

இது வந்த ஒன்றை நிறுத்தும் வழி. ஆனால் ஒரு தளத்துக்கு அனுமதி போயிருந்தால் கூடவே இன்னும் நாலைந்துக்கும் போயிருக்கும். அதனால் மொத்தமாகத் துடைத்துவிடுங்கள்:

1. குரோமைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸ் போங்கள்.
2. கீழே இறங்கி 'சைட் செட்டிங்ஸ்' என்பதைத் தொடுங்கள். போன் தமிழில் இருந்தால் 'தள அமைப்புகள்' என்று இருக்கும்.
3. அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்', அதாவது 'அறிவிப்புகள்'.
4. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். ஒவ்வொன்றாகத் தொட்டு அனுமதியை நிறுத்துங்கள்.
5. அதே பக்கத்தின் மேலே உள்ள பெரிய சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். இனி எந்தத் தளமும் கேட்கவே கேட்காது.

நான்காவது படியில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். எதை வைப்பது, எதை எடுப்பது? எழுத்தும் எண்ணும் குழம்பிய பெயர்கள், டாட் டாப், டாட் எக்ஸ்ஒய்இசட், டாட் கிளப் என்று முடியும் அறிமுகமில்லாத பெயர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். மற்றவற்றை என்ன செய்வது என்றால், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். போனில் வாட்ஸ்அப், ஜிமெயில், வங்கி என்று எல்லாமே தனித்தனி ஆப்கள். அவற்றின் நோட்டிபிகேஷனுக்கும் குரோமுக்கும் தொடர்பில்லை. குரோம் வழியாக வரும் ஒரு நோட்டிபிகேஷனை இழந்து தவித்த யாரையும் நான் பார்த்ததில்லை.

அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி வைத்திருக்கும் போன் என்றால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். போனின் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய், குரோமைத் தேர்ந்தெடுத்து, அதன் நோட்டிபிகேஷனையே முழுதாக அணைத்துவிடுங்கள். டவுன்லோடு எவ்வளவு முடிந்தது என்பது மேலே தெரியாமல் போகும், அவ்வளவுதான். 'சிம் முடங்கும்' என்று ஒன்றைப் பார்த்துப் பயந்து தட்டிவிடும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு விலையே இல்லை.

சாம்சங் இன்டர்நெட், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் என்று வேறு பிரவுசர் பயன்படுத்தினாலும் கதை இதேதான். மெனுவின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், அழுத்திப் பிடித்து அணைக்கும் வழியிலேயே தொடங்குங்கள். சில கம்பெனி போன்களில் கூடவே வரும் சொந்த பிரவுசர், யாரும் அனுமதி தராமலே சினிமாக் கிசுகிசு, ஜோசியம் என்று தானாக அனுப்பிக்கொண்டிருக்கும். அதை எந்தத் தளத்தின் பட்டியலிலும் தேடிக் களைக்காதீர்கள். ஆப்ஸ் பகுதியில் அந்த பிரவுசரின் நோட்டிபிகேஷனை அணையுங்கள். நீங்கள் பயன்படுத்தாத பிரவுசர் என்றால் டிஸேபிளும் செய்யலாம்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். போனைத் திறந்ததும் திரை முழுக்க விளம்பரம் வந்து மறைக்கிறது என்றால் அது வெப்சைட் நோட்டிபிகேஷன் அல்ல. போனில் உள்ள ஏதோ ஒரு ஆப்பின் வேலை. டார்ச், கிளீனர், வால்பேப்பர் மாதிரி சமீபத்தில் போட்ட ஆப்களை நீக்கிப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில்

விண்டோஸில் இவை திரையின் வலது கீழ் மூலையில் வரும். பிரபல ஆன்டிவைரஸ் கம்பெனியின் லோகோ, சிவப்பு எழுத்து, எல்லாம் சேர்ந்து விண்டோஸே எச்சரிப்பது போலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால், பிரவுசரின் பெயரும், அனுப்பும் தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரியிலேயே குட்டு உடைந்துவிடும், ஏனென்றால் உண்மையான ஆன்டிவைரஸ் குரோம் பெயரில் வந்து பேசாது.

குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போக வேண்டும். அனுமதி பெற்ற தளங்கள் தனிப் பட்டியலாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் 'பிளாக்', 'ரிமூவ்' ஆகிய வழிகள் வரும். ரிமூவ் என்றால் பட்டியலிலிருந்து போய்விடும், ஆனால் அடுத்த தடவை அந்தத் தளம் மறுபடி கேட்கலாம். பிளாக் என்றால் கேட்கவும் முடியாது. சந்தேகமான தளங்களுக்கு பிளாக்தான் சரி. அப்புறம் அதே பக்கத்தின் மேலே, தளங்கள் கேட்கவே கூடாது என்ற தேர்வை எடுத்துவையுங்கள். ஆபீஸ் வேலைக்காக ஜிமெயிலையோ வாட்ஸ்அப் வெப்பையோ பிரவுசரிலேயே வைத்திருப்பவர்கள், அந்த ஒன்றிரண்டு முகவரிகளை மட்டும் அனுமதிப் பட்டியலில் 'ஆட்' பட்டன் மூலம் சேர்த்துக்கொள்ளலாம்.

எட்ஜில் இதே பட்டியல் செட்டிங்ஸில் தளங்களுக்கான அனுமதிகள் பகுதியில் இருக்கிறது. பதிப்பைப் பொறுத்து இடம் மாறுவதால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் நேராகக் காட்டிவிடும். இந்தத் தேடல் குரோமிலும் உண்டு.

ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', கீழே 'பர்மிஷன்ஸ்', அதில் நோட்டிபிகேஷன்ஸ் பக்கத்தில் உள்ள செட்டிங்ஸ் பட்டன். தளங்களை நீக்கிவிட்டு, புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் டிக்கையும் போட்டு சேவ் செய்யுங்கள். ஃபயர்பாக்ஸ் இதில் கொஞ்சம் நல்ல பிள்ளை. 2020 ஜனவரியில் வந்த 72-ஆம் பதிப்பிலிருந்து, நீங்கள் பக்கத்தில் எதையும் தொடாமலே எந்தத் தளமும் பெட்டியைத் திறக்க முடியாது. முகவரிப் பட்டையில் ஒரு சின்னப் படம் மட்டும் தெரியும்.

மேக்கில் சஃபாரி என்றால் மேல் மெனுவில் சஃபாரி, செட்டிங்ஸ், 'வெப்சைட்ஸ்', நோட்டிபிகேஷன்ஸ். தளங்களை நீக்கிவிட்டு, அனுமதி கேட்க விடும் டிக்கை அடியில் எடுத்துவிடுங்கள்.

ஐபோனில் வேறு கதை

ஐபோனில் வெப்சைட்டுகளுக்கு இந்த வசதி 2023-ல் ஐஓஎஸ் 16.4 வந்த பிறகுதான் கிடைத்தது. அதுவும் ஹோம் ஸ்கிரீனில் நீங்களே சேர்த்துவைத்த தளங்களுக்கு மட்டும். எனவே ஐபோனில் 'வைரஸ் இருக்கிறது' என்று அடிக்கடி எச்சரிக்கை வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காலண்டரை. மோசடித் தளம் ஒரு காலண்டருக்கு உங்களைச் சந்தா சேர்த்துவிட்டு, அதில் மணிக்கொரு நிகழ்ச்சியாகப் போட்டுவைத்திருக்கும். காலண்டர் ஆப்பைத் திறந்து, 'காலண்டர்ஸ்' தொட்டு, அறிமுகமில்லாத காலண்டரின் பக்கத்தில் உள்ள தகவல் குறியைத் தொட்டு, அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள். நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தால் காலம்தான் வீணாகும்.

எல்லாம் செய்தும் வருகிறதே?

கம்ப்யூட்டர் குரோமில் இரண்டு மூன்று புரொஃபைல், அதாவது ஆளுக்கு ஒன்றாகப் பிரித்த தனித்தனி அமைப்பு, வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனிப் பட்டியல் உண்டு, எல்லாவற்றிலும் போய் எடுக்க வேண்டும். பிள்ளைகள் பயன்படுத்தும் புரொஃபைலை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் வேர் அங்கேதான் இருக்கும்.

ஹிஸ்டரி அழித்தும் ஏன் போகவில்லை என்றால், அனுமதிகள் ஹிஸ்டரியில் இல்லை. அழிக்கும் பெட்டியில் சைட் செட்டிங்ஸ் என்று தனி டிக் இருக்கிறது, அதைப் போட்டால்தான் போகும். குரோமை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் வருகிறது என்றால், நீக்கும்போது பழைய தகவல்களை அழிக்கும் டிக்கைப் போடாமல் விட்டிருப்பீர்கள்.

பட்டியலில் ஒரு தளம் நீக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறதா? மெனுவின் அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' (உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது) என்று வேறு தெரிகிறதா? ஆபீஸ் லேப்டாப் என்றால் இயல்புதான், ஐடி ஆட்களிடம் கேளுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படி இருந்தால், ஏதோ ஒரு விளம்பர மென்பொருள் விதியை எழுதிவைத்திருக்கலாம். இங்கேதான் ஆன்டிவைரஸ் ஸ்கேனுக்கு உண்மையான வேலை. கூடவே எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) பக்கத்துக்குப் போய், நீங்கள் போட்டதாக நினைவில்லாதவற்றை நீக்குங்கள்.

பிரவுசரை அப்டேட் செய்து வைத்திருப்பதும் இதில் உதவும். ஏமாற்றி அனுமதி கேட்கும் தளங்களின் பெட்டியை 2020-லிருந்தே குரோம் அடக்கி வாசிக்க வைக்கிறது. நீங்கள் எட்டிப்பார்க்காத, ஆனால் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் தளங்களின் அனுமதியைத் தானாகவே எடுத்துவிடும் ஏற்பாட்டை 2025 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. நல்லதுதான், ஆனாலும் அதை நம்பிக் காத்திருக்க நான் சொல்லமாட்டேன். சுவிட்ச் உங்கள் கையிலேயே இருக்கிறது.

ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா?

தட்டினீர்கள், பக்கம் திறந்தது, மூடிவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. அனுமதியை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கலாம். ஏதாவது ஃபைலோ ஆப்போ இறங்கியிருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு அடித்திருந்தால் அந்தக் கணக்கின் உண்மையான ஆப்பிலோ தளத்திலோ போய் உடனே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கும் மாற்ற வேண்டும்.

திரையில் தெரிந்த 'சப்போர்ட்' எண்ணுக்கு போன் செய்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் விடும் ஆப்பைப் போட்டிருந்தால் விஷயம் பெரிது. முதலில் வைஃபையையும் டேட்டாவையும் அணையுங்கள். அந்த ஆப்பை நீக்குங்கள். வங்கிப் பாஸ்வேர்டை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். யுபிஐ பின்னையும் மாற்றிவிடுங்கள்.

கார்டு விவரமோ ஓடிபியோ கொடுத்து, பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்குப் பேசி கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் கையோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பேசும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். அந்த நோட்டிபிகேஷனின் ஸ்கிரீன்ஷாட்டும், தளத்தின் முகவரியும் இருந்தால் அவற்றையும் இணையுங்கள். புகார் எண்ணைக் குறித்துவைத்து, அதை வங்கிக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.